வறண்ட முகத்துக்கு ஒரு கிரீம்

உங்கள் முகம் எண்ணெய் முகமா, வறண்ட முகமா என்று யாராவது கேட்டதுண்டா? வேடசந்தூர் ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் என்னைக் கேட்டார்.

"தெரியலண்ணே."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "சருகாட்டம் காஞ்சு கெடக்கு அப்பு. இந்தக் கிரீம பூசிக்க. பிசுபிசுன்னுதான் இருக்கும்."

கூட வேலை பார்க்கும் மகேஸ்வரி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இனியாவது பேசட்டும் என்று அப்பிக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். அவள் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். கிரீம் வேலை செய்கிறதென்று கன்னத்தை இன்னும் நன்றாகக் காட்டினேன்.

ஷிப்டு முடிந்து கண்ணாடி பார்த்தேன். நூல் மில்லில் பறந்த பஞ்செல்லாம் கிரீமில் ஒட்டி, முகமெல்லாம் வெள்ளைத் தாடி.

மறுநாள் காலை மில் பஸ்ஸில் மகேஸ்வரி எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றாள். உட்கார்ந்தேன்.