தானாக மறையும்

டோஸ்ட் வேண்டாம், பெட்டிதான் வேண்டும் என்று அவள் மறுபடியும் மேஜையைத் தட்டியதில் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

டோஸ்ட் என்பது திரையின் அடியில் எட்டிப் பார்க்கும் ஒரு சின்னப் பட்டை. சேதியைச் சொல்லும், நாலு நொடியில் தானாக மறையும். பெட்டி நட்டநடுவில் வந்து நிற்கும். ‘சரி’ என்று அழுத்தினால்தான் நகரும்.

மருத்துவமனையின் இணையதளத்தில், நோயாளிக்குக் கொடுத்த தேதி மாறினால் அதை எதில் காட்டுவது என்பதுதான் பேச்சு. இதுவரை டோஸ்ட்டில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

டீம் லீடர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். டோஸ்ட்டின் நிரல் ஏற்கெனவே எழுதி வைத்தது, எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பெட்டி ஆளை வழிமறிக்கும், எரிச்சல் வரும்.

வரட்டுமே என்றாள். சேதியைச் சொன்ன கையோடு ஓடி ஒளிகிற ஒரு பட்டையை வைத்துக்கொண்டு, நாங்கள் சொல்லியாயிற்று என்று கணக்குக் காட்டுவது அயோக்கியத்தனம் என்றாள்.

லீடருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக ஓடுகிறதே, எவன் குறை சொன்னான் என்று கேட்டுவிட்டார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“இதை எழுதின மடையன் யாரு?”

ஒருவர் லேப்டாப்பை மூடினார். ஒருத்தி தன் நகத்தைப் பார்த்தாள்.

கடைசியில் லீடர்தான் வாயைத் திறந்தார். குரல் இறங்கியிருந்தது.

“நீதாம்மா எழுதினே.”

அவளுக்குத் தெரியாதா என்ன? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவின் ஃபோனில் திறந்து காட்டிப் பீற்றிக்கொண்டாள்.

அதே ஃபோனில்தான் அப்பாவின் கண் ஆபரேஷன் தேதி முன்னுக்கு வந்துவிட்டதாகச் சேதி வந்தது. பட்டை எழும்பியதைப் பார்த்தாராம். கண்ணாடியைத் துழாவி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் போய்விட்டதாம். பழைய தேதியிலேயே போய் நின்றவரிடம், இடது கண் இனி அவ்வளவுதான் என்று டாக்டர் நேற்று கைவிரித்துவிட்டார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பா திட்டவில்லை. முக்கியமான சேதியாக இருந்தால் மறுபடி வரும், என் மகள் செய்தது ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.