தேறாத செல்

"உங்கள யாரோ தெரிஞ்சே ஏமாத்தியிருக்காங்கண்ணா" என்றான் விழுப்புரத்துக் கடைக்காரன்.

தென்னரசின் டிரில்லிங் மிஷின் பேட்டரி அவன் முன்னால் மூடி கழன்று கிடந்தது. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள். நான்கு பச்சை, ஒன்று மட்டும் நீலம். அந்த நீலச் செல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

"பழைய பேட்டரியப் பிரிச்சி செல்லு எடுக்கறவங்க, டெஸ்டுல தேறாததுக்கு இப்பிடிக் கோடு போட்டு ஒதுக்கி வெச்சிடுவாங்க. குப்பைக்குப் போவ வேண்டியது இது. இது ஒண்ணு படுத்தா மத்த நாலும் நல்லா இருந்தும் புண்ணியமில்ல. மாத்திடட்டுமா?"

"வேணாம். மூடாத, அப்பிடியே குடு. கட்டிக் குடுத்தவங்க கிட்டயே காட்டணும்."

துணிப்பையில் பேட்டரியைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினான் தென்னரசு. முந்தின நாள்தான் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு அலமாரி மாட்டப் போயிருந்தான். பாதி ஸ்குரூ இறங்கும்போதே மிஷின் நின்றுபோனது. "நாளைக்கு வேற ஆள வெச்சிப் பாத்துக்கறேன்" என்று வாசலைக் காட்டிவிட்டார் ஓனர்.

ஆனால் பூமாலையக்காவா இப்படிச் செய்வாள்? அதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

புருஷன் சீனுவாசன் இறந்துபோன பிறகும் பூமாலை திண்டிவனத்துப் பேட்டரிக் கடையை விடவில்லை. தச்சர்கள் கழித்துப்போட்ட டிரில், கட்டர் பேட்டரிகளை வாங்கிப் பிரிப்பாள். ஒவ்வொரு செல்லாக மீட்டரில் வைத்துப் பார்த்து, தேறுவதைச் சேர்த்து மறுபடி பேட்டரி கட்டுவாள். மருந்தடிக்கிற மிஷினுக்கு அவள் கட்டிய பேட்டரி வருஷக்கணக்கில் உழைக்கிறது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேச்சு. தென்னரசுக்குக் கட்டியது மட்டும் ஒரு மாதம் தாங்கியதில்லை.

ஒவ்வொரு முறை போகும்போதும், "இன்னா தென்னரசு, மறுபடியும் படுத்துகிச்சா?" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவாள். டீ வரும். ஒரு செல்லைப் பார்ப்பாள், ஒரு கதை கேட்பாள். என்ன சமைத்தான், எங்கே வேலை, ஊருக்குப் போன பெண்டாட்டி போன் பண்ணினாளா. பொழுது சாய்ந்துதான் பேட்டரி கைக்கு வரும். அவனுக்கும் எழுந்துபோக அவசரம் இருந்ததில்லை. கிளியனூர் வீட்டில் டிவியைத் தவிர பேசுவதற்கு யாருமில்லை.

முதல் தடவைக்கு அப்புறம் அவள் காசும் வாங்கியதில்லை. "என் வேல சரியில்லன்னா அதுக்கு நீ எதுக்குத் துட்டு குடுக்கற?" என்பாள். எவ்வளவு நேர்மையான பொம்பளை என்று நினைத்திருந்தான். பஸ்ஸில் யோசிக்க யோசிக்க அந்த நினைப்பே அவனைச் சுட்டது.

கடை இருந்த சந்தில் எதிர்க்கடைகளெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. அவனைக் கண்டதும் பூமாலை முகம் மலர்ந்து ஸ்டூலைத் தேடினாள்.

"உக்கார வரலக்கா" என்று பேட்டரியை மேஜைமேல் வைத்தான். "இந்தக் கோடு யாரு போட்டது?"

அவள் கை ஸ்டூல்மேலேயே நின்றது. "நான்தான்."

"தெரியாம மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல. தெரிஞ்சிதான்."

மழுப்புவாள், சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அந்தப் பதில் எரிச்சலைத்தான் கிளப்பியது.

"ஒவ்வொரு வாட்டியும் குப்ப செல்லத்தான் போட்டியா? நான் உனுக்கு இன்னாக்கா கெடுதி பண்ணேன்? உன்ன நம்பி வேலைக்குப் போய்க்கினு இருக்கேன். நேத்து ஒரு வேலையே போச்சு எனக்கு."

"வேல போச்சா?" பூமாலை நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் கணக்கிலேயே இல்லாத விஷயம் என்பது முகத்தில் தெரிந்தது. "சும்மா நின்னு போவும், எடுத்துக்கினு வருவன்னுதான்..." என்றவள் முடிக்காமல் குறடை எடுத்தாள்.

நீலச் செல்லின் தகட்டை உரித்து அதைக் கழற்றி வீசினாள். நல்ல செல்கள் இருக்கும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, மீட்டரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெல்டு வைத்து, மூடியைப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கினாள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இந்த வேலைக்கா இத்தனை நாளும் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம் என்று பார்த்துக்கொண்டே நின்றான் தென்னரசு.

"இந்தா. இனிமே நிக்காது. ரெண்டு மூணு வருசத்துக்கு நீ இந்தப் பக்கம் வர வேண்டிய வேலையே இல்ல."

பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"இத மொதல்லயே ஒழுங்காக் கட்டிக் குடுத்திருக்கலாம் இல்லக்கா? ஊருக்கெல்லாம் நல்லாத்தான கட்டிக் குடுக்கற?"

பூமாலை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லாக் கட்டிக் குடுத்தவங்க ஒருத்தரும் திரும்பி வர்லப்பா."