கசியாத குழாய்

முப்பத்திரண்டு வயது இளைஞன் ஒருவனின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த தட்டணு ஒன்றுக்குத் தீராத ஆதங்கம். காயம் பட்ட இடத்தை அடைப்பதுதான் அதன் வேலை. ஆனால் காலையில் அவன் சவரம் செய்தபோது விழுந்த வெட்டை அதன் பங்காளிகளான மற்ற தட்டணுக்களே அடைத்துப் பேர் வாங்கிவிட்டார்கள்.

அப்போது இதயத்துக்குப் போகும் குழாயின் சுவர் அலறியது. "எத்தனை நாளா வீங்கி எரியுது! இப்ப உள்பக்கமா வெடிச்சே போச்சு, யாராவது வாங்களேன்!"

தட்டணு பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் ஓடியாங்கடா!" என்று கூவியது. பங்காளிகள் வந்து மேலே மேலே குவிந்தார்கள். சொட்டு ரத்தம்கூடக் கசியவில்லை. தட்டணுவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கீழேயிருந்து இதயம் திணறியபடி கேட்டது. "ஏம்ப்பா, எனக்கு ரத்தமே வரலியே?"

தட்டணு பதறிப்போனது.

"அய்யய்யோ, இன்னும் எங்கேயோ ஒழுகுது! நல்லா இறுக்கி அடைங்கடா!"