தோளில் ஏறிய துண்டு

ஜவுளிக்கடையில் கீழ்த்தட்டில் கிடந்த துண்டுக்கு, மேல்தட்டுப் பொன்னாடையைப் பார்த்தாலே வயிறு எரியும். கூட்டத்துக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து பொன்னாடைக்கு ஒரே பெருமை.

"கூட்டம் முழுக்கத் தலைவர் தோளில்தான் இருந்தேன். என்னை இறக்கவே அவருக்கு மனசில்லை."

'ஒரே ஒருமுறை அந்தத் தோளில் ஏறிவிட்டால் போதும், இவளை ஓரங்கட்டிவிடுவேன்' என்று துண்டு கறுவிக்கொண்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பொன்னாடைகள் போதவில்லை. கட்சிக்காரர்கள் துண்டையும் சேர்த்து வாங்கிப் போனார்கள்.

மேடையில் யாரோ அதைத் தலைவர் தோளில் போர்த்தினார்கள். துண்டுக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா பளிச்சிட்டது. உடனே தலைவர் திரும்பிப் பாராமல் அதை உருவிப் பின்னால் எறிந்தார். உதவியாளர் பிடித்து மூட்டைக்குள் திணித்தார்.

உள்ளே அந்தப் பொன்னாடையும் கசங்கிக் கிடந்தது.

மறுநாள் உதவியாளர் மூட்டையை அதே கடைக்கு விற்றார். கடைக்காரர் எல்லாவற்றையும் மடித்து மேல்தட்டில் அடுக்கினார்.

கீழ்த்தட்டிலிருந்து தலையணை உறை துண்டிடம் பொருமியது. "உனக்கு வந்த வாழ்வைப் பாரு! தோள் எப்படி இருந்துச்சு?"

பொன்னாடை ஓரக்கண்ணால் துண்டைப் பார்த்தது.

துண்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. "என்னை இறக்கவே அவருக்கு மனசில்லை."

பொன்னாடை மெல்ல நகர்ந்து அதற்கு இடம் விட்டது.