அதே பெயரில் இன்னொரு பட்டியல்

"பத்து தடவை சேர்க்கிறேன் சார், வெளியே வந்து பார்த்தா பட்டியல் காலியாவே இருக்கு," என்று பக்கத்து மேஜைக்காரர் காலையிலிருந்து ஐந்தாவது முறையாகப் புலம்பினார்.

என் பொறுமை போய்விட்டது. நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அவர் திரையில் இருந்த புரோகிராமைப் பார்த்தேன்.

இரண்டாவது வரியிலேயே குட்டு வெளிப்பட்டது.

அவருடைய ஃபங்ஷனுக்கு, அதாவது சேர்க்கும் வேலையைச் செய்யும் குட்டி புரோகிராமுக்கு, பட்டியல் இருக்கும் இடத்தின் முகவரி ஒழுங்காகத்தான் வந்து சேர்கிறது. அந்த முகவரிக்குப் போய் எழுதியிருந்தால் அனுப்பிய இடத்திலும் தெரிந்திருக்கும். இந்த மனுஷன் வந்த முகவரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே பெயரில் புதுப் பட்டியல் ஒன்றை உண்டாக்கி, மாங்கு மாங்கென்று அதில் எழுதியிருக்கிறார்.

"பேர் ஒண்ணா இருந்தா போதுமா? நீங்க எழுதினது வேற பட்டியல் சார். அனுப்பின பக்கம் இன்னும் பழசுதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

என் கைப்பேசியிலும் ஒரு பட்டியல் உண்டு. 'வீடு' என்று என் மனைவி தொடங்கியது. பால், சோப்பு, பல்பு என்று இருவரும் அவரவர் கைப்பேசியிலிருந்து எழுதுவோம்; யார் வாங்கினாலும் டிக் அடிப்போம்.

ஏழு மாதத்துக்கு முன் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். தனியறை எடுத்த வாரமே கைப்பேசி விழுந்து உடைந்தது. புதியதில் 'வீடு' பட்டியலைத் திறந்தபோது அது ஏதோ கேட்டது. இருந்த எரிச்சலில், படிக்காமலே 'நகல் எடு' என்பதை அழுத்தினேன்.

அன்றிலிருந்து அந்த நகலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல நா எழவில்லை. சோப்புக்குக் கீழே, 'தப்பு என் மேலதான்.' பல்புக்குக் கீழே, 'சாப்பிட்டியா?' போன மாதம், 'வரட்டுமா?'

ஒன்றுக்கும் பதில் இல்லை. கோபத்தில் பட்டியலையே கைகழுவிவிட்டாள் என்று நினைத்தேன். அழுத்தக்காரி என்று திட்டுவேன். திட்டிய கையோடு, ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று மறுபடி திறந்து பார்ப்பேன். எனக்கு வெட்கமே கிடையாது.

அவள் முன்பு அனுப்பிய இணைப்பை மெயிலில் தேடிப் பிடித்தேன். அசல் 'வீடு' திறந்தது.

நான் எழுதியதில் ஒரு வரிகூட அங்கே இல்லை.

அவள் எழுதியவை இருந்தன. பால், டிக். முட்டை, டிக். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதைப் பார்க்கத்தானா இவ்வளவு தவிப்பு என்று இருந்தது.

இன்னும் மேலே போனேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு பொருள் தவறாமல் வந்தது.

ஷேவிங் பிளேடு, டிக். ஷேவிங் பிளேடு, டிக்.

அந்த வீட்டில் சவரம் செய்துகொள்கிற ஆள் நான் ஒருவன்தான்.

இந்த மாதத்து பிளேடுக்கு இன்னும் டிக் விழவில்லை. அதன் கீழே எழுதினேன்: 'நீ வாங்காதே. நான் வாங்கிட்டு வரேன்.'