நானூற்றுப் பதினேழாம் பாட்டில்

பாட்டிலை அவள் இன்னும் கையை விட்டு இறக்கவில்லை.

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு ஆட்டோகிளேவை மூடிவிடுவார்கள். நோயாளியின் சம்மதக் கடிதம் இல்லாத கிருமிகளையெல்லாம் இன்றைக்குள் நீராவியில் கொன்றுவிட வேண்டும் என்பது ஆய்வக இயக்குநர் உத்தரவு. மற்ற பாட்டில்கள் எல்லாம் உள்ளே போயாயிற்று.

இது ஒன்றுதான் பாக்கி. எண் 417.

உள்ளே கிருமிக்குத் தீனியாகப் பச்சை நிற முட்டைக் கூழ். அதன்மேல் ரொட்டித் தூளை உதிர்த்த மாதிரி காசநோய்க் கிருமி. இருபத்தாறு வருடமாக உயிரோடு இருக்கிறது. தானாகவா இருக்கும்? ஆறு வாரத்துக்கு ஒருதரம் புதுக் கூழுக்கு மாற்றி மாற்றி அவள்தான் காப்பாற்றினாள். ஃப்ரீசரை நம்பவில்லை. பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாள், பச்சை உடம்போடு ஆட்டோ பிடித்து வந்து மாற்றிவிட்டுப் போனாள்.

வேலைப் பைத்தியம் என்றார் மாமியார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முனைவர் பட்டம், பதவி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இந்தப் பாட்டில் போட்ட சோறுதான். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. ஏன் மசியவில்லை என்று அதன் மரபணுவை நாற்பத்துநாலு லட்சம் எழுத்தும் விடாமல் படித்தாள்.

அதில் ஓர் எழுத்துகூடத் தணிகையுடையது இல்லை. அவளுக்குத் தெரியாதா என்ன.

தணிகைவேல் அவள் தம்பி. சாகும்போது பத்தொன்பது வயது. அவன் இருமித் துப்பிய சளியை, அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவளே டப்பியில் வாங்கி வந்தாள். பெயர் எழுதவில்லை. எண்ணை மட்டும் ஒட்டினாள்.

அவன் உடம்பிலிருந்து வந்து இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். அவனைக் கொன்றதும் இதுதான். பாழும் மனசு இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

காலையில் இயக்குநரிடம் போய்ச் சொல்லியே விட்டாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவர் நல்ல மனிதர். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"கூடப்பிறந்தவங்க கையெழுத்துப் போட்டாலே போதும்மா. இறப்புச் சான்றிதழை மட்டும் இணைச்சிடுங்க."

சான்றிதழ் கைப்பையில்தான் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்?

இறப்புக்குக் காரணம்: மஞ்சள் காமாலை.

டாக்டர் காலில் விழாத குறையாக அப்படி எழுத வைத்தது யார்? இவளேதான். அம்மாவும் கூட நின்றாள். தை மாதத்தில் இவளுக்குக் கல்யாணம். டிபி வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? தன் கல்யாணத்துக்காகத் தம்பியின் சாவை மாற்றி எழுத வைத்தாள். கணவருக்கு இன்று வரை தெரியாது.

இயக்குநர் படித்தார். மடித்து அவள் பக்கமே நகர்த்தினார். காமாலையில் செத்தவன் சளியில் இந்தக் கிருமி எப்படி வந்தது என்று நெறிமுறைக் குழு கேட்குமே. சாட்சிக்கு அந்த டாக்டரும் இல்லை, அம்மாவும் இல்லை.

அன்றைக்கும் இதே மூன்று மணி. பாடையைத் தூக்கினார்கள். பின்னாலேயே ஓடியவளைத் தெருமுனையில் பெரியப்பா பிடித்து நிறுத்தினார். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது. கத்தினாள், மண்ணில் புரண்டாள். கொள்ளி வைத்தது யாரோ ஒரு பங்காளி.

"மணி ஆவுது மேடம்."

ஏகாம்பரம். ஆட்டோகிளேவைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். வாசலில் நின்று கையை நீட்டினார்.

"குடுத்துட்டு நீங்க வூட்டுக்குப் போங்க. நான் வச்சிடறேன்."

"வேணாம்ண்ணே. இந்தத் தடவை நானே வைக்கிறேன்."

அவர் விலகி வழிவிட்டார்.

ஆட்டோகிளேவ் அறை வாசலில் அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பாட்டிலை வைத்தாள். கனமான மூடியைத் தானே இழுத்து மூடி, திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

ஏகாம்பரம் அவள் காலைப் பார்த்தார். வெறுங்கால். செருப்பு வாசலிலேயே கிடந்தது. இங்கே யாரும் வெறுங்காலோடு வரக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அவர் தன் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.