செவலைக்கு ஒரு ரூம்

ஏய், எல்லாரும் உக்காருங்க. பேச்சை நிறுத்துங்க, அங்க செவலை நாய்க்கு வலி எடுத்துருச்சு.

குட்டி போட எடம் தேடி ஊரெல்லாம் ஓடுது பாவம். மழை வேற இப்பவோ அப்பவோன்னு நிக்குது. எங்க பாத்தாலும் வீடு, ஒதுங்க ஒரு மூலை கிடையாது. கடைசியா பழைய பங்களா வாசலுக்கு வந்துச்சு. அங்க பாத்தா புல்டோசர் நின்னு உறுமுது.

“டுர்ர்ர்... தங்கச்சி, செத்த பொறு. இந்தக் கிழவனை இடிச்சுட்டுப் பத்து மாடி கட்டப் போறோம். உனக்கு ஒரு ரூம் நிச்சயம்.”

“எப்போண்ணே?”

“ரெண்டு வருஷத்துல.”

பங்களா தொண்டையைச் செருமுச்சு. “யாரைடா இடிப்ப? துரை நடந்த தரைடா இது. இருபது ரூம் இருக்கு. அவர் போனதுக்கப்புறம் ஒரு ஈயைக்கூட நான் உள்ள விட்டதில்ல, தெரியுமா?”

“அப்ப நீ இருந்து யாருக்கு என்ன?”

“நீ இடிச்சு மட்டும் யாருக்கு என்ன?”

ரெண்டும் கத்துன கத்துல செவலைக்கு வலியே மறந்துபோச்சு. மொதத் தூறல் அது மூக்குல விழுந்துச்சு.

பங்களா கதவுல கிடந்த துருப்பிடிச்ச பூட்டு சொல்லுச்சு:

“கத்துறதுக்கு முன்னாடி யாராச்சும் கதவைத் தள்ளிப் பாத்தீங்களா? என்னைப் பூட்டவே இல்ல, சும்மாதான் தொங்கிக்கிட்டிருக்கேன்.”